ஜி.எச்.சில் ஸ்பெஷல் டாக்டரைச் சீக்கிரம் பார்க்க 12 குறிப்புகள்

இதயம், நரம்பு, எலும்பு, தோல் என்று எல்லாவற்றுக்கும் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போய்த் தனியாரில் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் இதையெல்லாம் செய்து பாருங்கள் தோழிகளே! பாதி நாள் வீணாவதே கிழமை தெரியாமல் போவதாலும், காகிதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவதாலும்தான்.

1. முதலில் கிழமையை விசாரியுங்கள். சிறப்புத் துறைகளின் ஓபி நாள் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். அந்தப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி, அறிவிப்புப் பலகையை செல்போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் ஒரு நடை மிச்சம்.

2. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, எந்தத் துறை என்று எழுதிய பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை, இசிஜி போன்றவற்றை அங்கேயே முடித்துக்கொண்டால், பெரியாஸ்பத்திரியில் அதற்கென்று இன்னொரு நாள் அலைய வேண்டாம்.

3. ஏற்கெனவே காட்டியவர்கள் பழைய சீட்டில் இருக்கும் யூனிட் எண்ணைப் பாருங்கள். அந்த யூனிட்டின் ஓபி நாளிலேயே போனால் உங்களைத் தெரிந்த டாக்டர்கள் இருப்பார்கள். வேறு நாளில் போனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

4. ‘ஆபா’ என்ற 14 இலக்க சுகாதார எண்ணை ஆதார் மூலம் வீட்டிலேயே எடுத்துவிடலாம். ஓபி வாசலில் க்யூஆர் பலகை இருந்தால் செல்போனில் ஸ்கேன் செய்யுங்கள், டோக்கன் எண் கைக்கு வந்துவிடும். பேர், வயது, விலாசம் சொல்லிக்கொண்டு கவுன்டரில் நிற்கும் நேரம் குறையும்.

5. எல்லாச் சீட்டையும் ஒரே பிளாஸ்டிக் ஃபைலில், புதியது மேலே இருக்கும்படி அடுக்குங்கள். முதல் பக்கத்தில் ஒரு தாளில் என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதிவையுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும் உள்ளே போட்டால், ‘சின்ன வெள்ளை மாத்திரை’ என்று சொல்லித் திணற வேண்டியதில்லை.

6. சென்னையில் இருப்பவர்கள் கண்ணுக்கும் குழந்தைகளுக்கும் எழும்பூருக்கு, மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கத்துக்கு என்று நேராகப் போய்விடலாம். அறுபது தாண்டியவர்களுக்கென்றே கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை வந்திருக்கிறது. பொது ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து இங்கே அனுப்பிவைக்கும் சுற்று மிச்சம்.

7. வேலைக்குப் போகிறவர்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை நேர பாலிகிளினிக் இருக்கிறதா என்று கேளுங்கள். கிழமைக்கு ஒரு சிறப்பு மருத்துவர் வருவார். அரை நாள் லீவு போடாமலே காட்டிவிடலாம்.

8. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழு குழந்தைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் பத்திரப்படுத்துங்கள். காது, பேச்சு, இதயம் என்று எந்தக் குறையானாலும், 18 வயது வரை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டி, தேவையான துறைக்கு அங்கிருந்தே அனுப்புவார்கள்.

9. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காக மட்டும் மாதாமாதம் பெரியாஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிந்துகொண்டால் மாத்திரை வீட்டுக்கே வரும். சின்ன சந்தேகங்களுக்கு அரசின் இ-சஞ்சீவனி இணையச் சேவையில் டாக்டரிடம் வீடியோவில் இலவசமாகப் பேசலாம், 104 மருத்துவ உதவி எண்ணையும் கூப்பிடலாம்.

10. ஸ்கேனுக்குத் தேதி ரொம்பத் தள்ளிக் கொடுத்தால் அப்படியே திரும்பிவிடாதீர்கள். வலி கூடியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் ‘அவசரம்’ என்று எழுதித் தருவார். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் முன்தேதி கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

11. சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போகிற அன்றைக்கு இட்லியைக் கட்டி எடுத்துப் போங்கள். முதல் ரத்தம் கொடுத்ததும் அங்கேயே சாப்பிட்டுவிட்டால், இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டியதும் அன்றே முடியும். கேன்டீனைத் தேடி ஓடி நேரம் தவற வேண்டாம். அப்படிக் காத்திருக்கும்போது, சீக்கிரம் பார்க்க வைக்கிறேன் என்று காசு கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள்.

12. நெஞ்சு வலி, வாய் கோணுவது, ஒரு பக்கக் கைகால் திடீரென்று விழுந்துபோவது — இதற்கெல்லாம் ஓபி நாள் பார்க்கவே கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், இரவு பகல் எப்போதும் திறந்திருக்கும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், ஆரம்பித்த நேரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.