லொகேஷனை அணைத்தால் மறைந்துவிடுவோமா?

செல்பேசியில் லொகேஷனை அணைத்துவிட்டால் நாம் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது என்று பலரும் நம்புகிறார்கள். செயற்கைக்கோள்கள் மேலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. உண்மையில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரியாது. அது நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகிறது. அப்படி 4 செயற்கைக்கோள்களின் சைகைகளை வாங்கிக் கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது கையிலிருக்கும் போன்தான். அந்த விடை பிறகு யாரிடம் போகிறது என்பதுதான் கவலைக்குரியது. தவிர, ஜி.பி.எஸ். இடத்தை அறியும் வழிகளில் ஒன்று மட்டுமே. அழைப்பு வந்து சேர வேண்டுமானால் நாம் எந்த டவரின் எல்லையில் இருக்கிறோம் என்பது சிம் நிறுவனத்துக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இணைய முகவரியை வைத்து ஏறத்தாழ எந்த ஊர் என்றும் சொல்லிவிடலாம். பொத்தான்களின் பெயரையும் அப்படியே நம்ப முடியாது. கூகுளில் 'லொகேஷன் ஹிஸ்டரி'யை நிறுத்திய பிறகும் வேறொரு செட்டிங் வழியாக இடக்குறிப்புகள் சேமிக்கப்பட்டதை 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டுவந்தது. 2022இல் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு கூகுள் அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டது.

இப்படிச் சேரும் இடத்தகவல் கைமாறுகிறதே என்றால், 'பெயரை நீக்கிவிட்டுத்தானே தரவை விற்கிறார்கள்' என்பார்கள். 15 லட்சம் பேரின் 15 மாத டவர் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு இந்த ஆறுதலைத் தகர்த்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற 4 குறிப்புகள் இருந்தால் போதும், 95 சதவீதம் பேரின் தடத்தை மற்றவர்களின் தடங்களிலிருந்து தனியே பிரித்துவிடலாம் என்றது அது. இரவில் தங்கும் வீடும் பகலில் போகும் அலுவலகமும் தெரிந்த பிறகு பெயர் எதற்கு?

'தவறு செய்யாதவருக்கு என்ன பயம்?' என்ற கேள்வி இதைவிட வலுவாக எழுகிறது. ஒருவர் எந்த மருத்துவரிடம் போகிறார், எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தார் என்பதெல்லாம் குற்றமல்ல. ஆனாலும் அதை யாரிடம் சொல்வது என்று முடிவுசெய்யும் உரிமை அவருடையது. ஜாமீனில் வந்தவர் தன் இருப்பிடத்தை கூகுள் மேப்பில் விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தனியுரிமைக்கு விரோதமானது என்று 2024 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றம் நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே உள்ள இந்தப் பாதுகாப்பை நாம் இடத்தை அறிய அனுமதி கேட்கும் ஒரு டார்ச் செயலிக்காக விட்டுக்கொடுப்பது எந்த வகையில் நியாயம்? தொலைந்த போனைக் கண்டுபிடிக்கவும் ஆபத்தில் உதவி வந்து சேரவும் இடத்தகவல் பயன்படுகிறது, உண்மைதான். அதற்காக எல்லாச் செயலிக்கும் எந்நேரமும் கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. மேப்புக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற அனுமதி, வானிலைச் செயலிக்குத் துல்லியமில்லாத இடம், மற்றவற்றுக்கு மறுப்பு: இவ்வளவும் போனின் செட்டிங்ஸில் நாமே செய்யக்கூடியவை. டவர் பதிவு மட்டும் அப்படியல்ல. போனைப் பயன்படுத்தும் வரை அது சேர்ந்துகொண்டே இருக்கும். அதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், யாருடைய ஆணையின் பேரில் எடுத்துப் பார்க்கலாம் என்பதைச் சட்டம்தான் இறுக்க வேண்டும்.