இனம் அறிவோம்



உலகில் உள்ள பொருள்கள் எண்ணற்றவை. அவற்றை ஒவ்வொன்றாக அறிந்து முடிக்க ஒருவர் ஆயுள் போதாது. ஆகவே, ஒத்தவற்றை ஒன்றுசேர்த்து அறிகிறோம். இதுவே வகைப்படுத்துதல் எனப்படும்.

பால் வெட்டும் கத்தி, பீங்கான் மங்கு, தகர வாளி ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வோம். எதனால் செய்யப்பட்டவை என்று பார்த்தால், கத்தியும் வாளியும் உலோக வகை, மங்கு தனி. எதற்குப் பயன்படுகின்றன என்று பார்த்தால், மங்கும் வாளியும் பால் ஏந்தும் வகை, கத்தி தனி. இரண்டு பிரிவும் சரியே. எப்பண்பைக் கொண்டு பிரிக்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்தல் வேண்டும்.

உயிர்களைத் தொல்காப்பியம் அறிவின் அளவைக் கொண்டு பிரித்தது. புல்லும் மரமும் ஓரறிவுயிர், எறும்பு மூவறிவுயிர், நண்டு நாலறிவுயிர், மனிதன் ஆறறிவுயிர். சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ், 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் பூவின் உறுப்புகளைக் கொண்டு செடிகளைப் பிரித்தார். இக்கால அறிவியலார் பூ, காய், விதை, மரபணு ஆகியவற்றை ஆராய்ந்து குடும்பம் வகுக்கின்றனர்.

ரப்பர் மரத்தின் உறவினர் யார்? பால் வடிவதால் பப்பாளி என்பீர்கள். அன்று, பப்பாளி வேறு குடும்பம். மரவள்ளியும் ஆமணக்குமே ரப்பரின் உறவினர். ஆமணக்கில் வெண்பால் வடிவதில்லை. எனினும் அதன் காயை நோக்குங்கள்: மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை. ரப்பர்க் காயும் மரவள்ளிக் காயும் பொதுவாக அத்தகையனவே. மூன்றும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவ்வுறவை அறிதல் உயிர் காக்கும். ஒரு செடியில் நஞ்சு இருப்பின், அதன் உறவுச் செடியிலும் இருக்கக்கூடும் என்று எச்சரிக்கை கொள்ளலாம். மரவள்ளியைப் பச்சையாக உண்டால் அது சயனைடு என்னும் நஞ்சை உண்டாக்கும். ரப்பர் விதையும் அவ்வாறே. ஆமணக்கு விதையிலோ ரிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. ஆகவே, விளையாடப் பொறுக்கும் விதைகளை வாயில் இடாதீர்கள். பெற்றோரும் மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி, நன்கு வேகவைத்தே பிள்ளைகளுக்குத் தருதல் வேண்டும்.

தோற்றத்தில் ஒன்று ஒத்திருப்பதால் மட்டும் இனம் ஒன்றாகிவிடாது. பல பண்புகளையும் உற்றுநோக்கியே இனம் அறிதல் வேண்டும்.

பயிற்சி

1. தென்னை, செம்பனை, வாழை: இவற்றுள் இனம் சேராதது எது? ஏன்?

2. வௌவால், புறா, எலி: இவற்றுள் ஓரினத்தைச் சேர்ந்த இரண்டு எவை? எப்பண்பைக் கொண்டு கூறுகிறாய்?

3. உன் வீட்டுச் சமையலறையில் உள்ள பத்துப் பொருள்களை இருவேறு முறையில் வகைப்படுத்தி எழுதுக.