லவுஞ்சுக்கான வேலை மூன்று மாதம் முன்பே தொடங்குகிறது

பெங்களூரு பீன்யாவில் இயந்திர உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் விற்பனையைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் புனே, அகமதாபாத், குருகிராம் என்று பரவிக் கிடக்கிறார்கள். காலை பத்து மணிக் கூட்டத்துக்கு அங்கே போய் நிற்க வேண்டுமென்றால் ஆறு மணி விமானத்தைப் பிடித்தாக வேண்டும். தேவனஹள்ளியில் இருக்கும் கெம்பேகௌடா விமான நிலையம் நகரின் மையத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். பகலில் கிளம்பினால் வழியில் ஹெப்பாள் மேம்பாலம் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இந்த ஊரில் அடிக்கடி பறப்பவர்கள் முன்கூட்டியே போய்ச் சேர்ந்து காத்திருக்கப் பழகியவர்கள்.

அந்தக் காத்திருப்பை உருப்படியான நேரமாக்க லவுஞ்ச் உதவும். முகம் கழுவ இடம், சூடான சிற்றுண்டி, லேப்டாப்புக்கு மின்சாரம், கூட்டத்துக்கான கணக்கை ஒருமுறை சரிபார்க்க அமைதி. ஆனால் கிரெடிட் கார்டை நீட்டினால் கதவு திறக்கும் என்ற காலம் போய்விட்டது. இப்போது அதற்கு முன்தயாரிப்பு வேண்டும். எனக்குப் பயன்பட்டவற்றை இங்கே சொல்கிறேன்.

விதிகள் ஏன் இறுகின?

1939-இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய அட்மிரல்ஸ் கிளப்தான் உலகின் முதல் விமான நிலைய லவுஞ்ச் என்பார்கள். அது விமான நிறுவனம் தன் முக்கிய விருந்தினர்களுக்காக வைத்த அறை. 1992-இல் பிரயாரிட்டி பாஸ் வந்த பிறகு, எந்த விமானத்தில் பறந்தாலும் உறுப்பினர் அட்டையைக் காட்டி நுழையும் வழி பிறந்தது. நம் நாட்டில் வங்கிகள் அதை இன்னும் கீழே கொண்டுவந்து, சாதாரண கிரெடிட் கார்டு, டெபிட் கார்டுகளோடும் சேர்த்துக் கொடுத்தன.

நமக்கு அது இலவசம். ஆனால் நாம் நுழையும் ஒவ்வொரு முறையும் வங்கியோ கார்டு நெட்வொர்க்கோ லவுஞ்சுக்குப் பணம் கட்டுகிறது. பயணிகள் பெருகப் பெருக அந்தச் செலவு ஏறியது, வரிசையும் நீண்டது. பெங்களூரு விமான நிலையத்தை மட்டும் 2024-25 நிதியாண்டில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினார்கள். அதனால்தான் வங்கிகள் செலவு நிபந்தனையைக் கொண்டுவந்தன. இது புரிந்தால், கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் கோபப்பட்டுப் பயனில்லை என்பதும் புரியும். முடிவு அவர் கையில் இல்லை.

முதலில் டெர்மினலைப் பாருங்கள்

பெங்களூருவில் பலர் தடுமாறும் இடம் இது. 2022 நவம்பரில் திறந்துவைக்கப்பட்ட இரண்டாவது டெர்மினலில் 2023 ஜனவரியில் உள்நாட்டு விமானங்கள் இயங்கத் தொடங்கின. அதே ஆண்டு செப்டம்பரில் பன்னாட்டு விமானங்கள் எல்லாம் அங்கே மாறின. இண்டிகோ, ஆகாசா உள்நாட்டு விமானங்கள் முதல் டெர்மினலிலிருந்து கிளம்புகின்றன. ஏர் இந்தியா இரண்டாவதிலிருந்து. ஒதுக்கீடு மாறக்கூடும் என்பதால் டிக்கெட்டில் இருப்பதையே நம்புங்கள். இந்த ஊரின் தொலைபேசிக் குறியீட்டையே பெயராக வைத்திருக்கும் 080 லவுஞ்ச் இரண்டு டெர்மினலிலும் இருக்கிறது.

லவுஞ்ச் பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் இருப்பதால், எந்த டெர்மினலில் விமானமோ அந்த டெர்மினல் லவுஞ்சுக்கு மட்டும்தான் போக முடியும். உங்கள் கார்டின் பட்டியலில் 'பெங்களூரு' என்று இருந்தால் மட்டும் போதாது. எந்த டெர்மினல், உள்நாட்டா பன்னாட்டா என்பதையும் பாருங்கள். உள்நாட்டுச் சலுகை மட்டும் உள்ள கார்டு பன்னாட்டு லவுஞ்சில் செல்லாது.

காலாண்டுக் கணக்கு

சூட்சுமம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. ஐசிஐசிஐ வங்கியின் பல கார்டுகளுக்கு 2024 ஏப்ரலிலிருந்து, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அது 75,000 ஆனது. அதாவது ஜனவரி முதல் மார்ச் வரை செய்த செலவு, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான நுழைவைத் தீர்மானிக்கும். ஹெச்டிஎஃப்சி ரீகாலியா கார்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து வேறு முறை: காலாண்டில் ஒரு லட்சம் ரூபாய் செலவைத் தொட்டால் வவுச்சர் வரும், அதை வைத்து நுழைய வேண்டும். தொகைகள் அடிக்கடி மாறுகின்றன. உங்கள் கார்டுக்கு இன்றைய விதி என்ன என்பதை வங்கியின் செயலியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கடைப்பிடிப்பது இதுதான். எப்படியும் செய்தாக வேண்டிய செலவுகளை, அதாவது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மளிகை, மின்கட்டணம், அலுவலகத்துக்காக நானே போட்டுப் பிறகு திரும்பப் பெறும் ஹோட்டல் வாடகை, டிக்கெட் ஆகியவற்றை ஒரே கார்டில் குவிக்கிறேன். நாலு கார்டில் பிரித்தால் எதிலும் இலக்கு எட்டாது. வீட்டு வாடகை, எரிபொருள், வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றைச் சில வங்கிகள் கணக்கில் எடுப்பதில்லை. அந்த விலக்குப் பட்டியலை முதலில் படித்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். லவுஞ்சுக்காக ஒரு ரூபாய்கூட கூடுதலாகச் செலவழிக்காதீர்கள். பில்லை முழுமையாகக் கட்டாமல் விட்டால் பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். எந்த இட்லியும் அந்த விலைக்குத் தகாது.

கவுண்டரில் நிற்கும்போது

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் ஒருநாள் விடியற்காலையில் போன் செய்தார். "அண்ணா, கார்டு எடுக்க மாட்டேங்குது, என்ன பண்றது?" அவர் கையில் இருந்தது புதுக் கார்டு. காலாண்டு விதியைச் சொன்னதும், பையில் இருந்த டெபிட் கார்டைக் கொடுத்துப் பார்த்தார், வேலை முடிந்தது. அதனால் வெவ்வேறு வங்கியின் இரண்டு கார்டுகளாவது கையில் இருக்கட்டும்.

கார்டை நேரில் கொண்டுபோங்கள். போனில் இருக்கும் படம் செல்லாது. கார்டில் உள்ள பெயரும் போர்டிங் பாஸில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். 2022 டிசம்பரில் வந்த டிஜியாத்ரா, முகத்தைக் காட்டியே வாயிலைத் தாண்ட உதவுகிறது. ஆனால் லவுஞ்சில் போர்டிங் பாஸ் கேட்பார்கள் என்பதால் அதைப் போனில் தயாராக வையுங்கள். ஸ்வைப் செய்யும்போது இரண்டு ரூபாயோ இருபத்தைந்து ரூபாயோ பிடித்தால் அது கார்டைச் சரிபார்க்கும் கட்டணம். கூட வருபவருக்கும் சலுகை உண்டா என்று ஸ்வைப் செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அவருக்கான முழுக் கட்டணம் உங்கள் பில்லில் ஏறும்.

வங்கிக்கும் லவுஞ்சுக்கும் நடுவில் இணைப்பு நிறுவனங்கள் இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றில் பெரியதாக இருந்த ட்ரீம்ஃபோக்ஸ் 2025 செப்டம்பரில் உள்நாட்டு லவுஞ்ச் சேவையையே நிறுத்திக்கொண்டது. போன மாதம் வேலை செய்த முறை இந்த மாதமும் இருக்கும் என்று இருந்துவிடாமல், கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை ஒருமுறை பாருங்கள்.

போலிச் செயலி

2024 செப்டம்பரில் நம் பெங்களூரு விமான நிலையத்திலேயே நடந்தது இது. கார்டைக் கையில் எடுத்துவராத பெண் பயணி ஒருவர், லவுஞ்சுக்காக 'லவுஞ்ச் பாஸ்' என்ற செயலியை இணைப்பு ஒன்றின் வழியே போனில் இறக்கினார். அது போலி. பிறகு அவர் கார்டிலிருந்து 87,000 ரூபாய்க்கு மேல் போனது. கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்ததில், அந்தச் செயலி போனுக்கு வரும் குறுஞ்செய்திகளைத் திருடியது தெரிந்தது. ஓடிபி மோசடிக்காரர் கைக்குப் போய்விட்டால் பிறகு பூட்டு ஏது? சுமார் 450 பேர் அதை இறக்கியிருந்தார்கள் என்றும் அந்த ஆய்வு சொன்னது.

எனவே கவுண்டரில் நின்றுகொண்டு புதிதாக எந்தச் செயலியையும் இறக்காதீர்கள். வேண்டுமென்றால் முந்தின நாள் வீட்டில் இருந்து, வங்கியின் சொந்தச் செயலி வழியாக மட்டும் செய்யுங்கள். குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும் லவுஞ்ச் செயலியை உடனே நீக்குங்கள்.

எப்போது போகக் கூடாது?

விமான வாயிலைப் புறப்பாட்டுக்கு 20, 25 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். போர்டிங் தொடங்க முக்கால் மணிக்கும் குறைவாக இருந்து, வாசலில் வரிசையும் இருந்தால் நான் லவுஞ்சை நினைப்பதே இல்லை. ஹட்டி காபி கடையில் ஒரு ஃபில்டர் காபியை வாங்கிக்கொண்டு வாயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். லவுஞ்சுக்குள் இருந்தாலும் அறிவிப்பு காதில் விழும் என்று நம்பாமல் போனில் அலாரம் வையுங்கள்.

அலுவலகம் பிசினஸ் வகுப்பு எடுத்துக் கொடுத்தாலோ, ஸ்டார் அலையன்ஸ் கோல்டு தகுதி இருந்து ஏர் இந்தியா போன்ற கூட்டணி விமானத்தில் பறந்தாலோ கார்டே தேவையில்லை. வெளிநாட்டுக்கு அடிக்கடி போகிறவர்கள் ஒரே கூட்டணியில் மைல்களைச் சேர்த்தால் இந்தத் தகுதி கைக்கு வரும்.

கடைசியாக, அடிக்கடி பறக்கும் நமக்கு லவுஞ்ச் ஒரு வசதி. தனியாக டெல்லிக்கோ மும்பைக்கோ மகளைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு அது பெரிய துணை. முழங்கால் வலியோடு வாயில் பக்கம் இடம் தேட வேண்டாம், கழிப்பறை அருகிலேயே இருக்கும். பல வங்கிகள் பெற்றோருக்கும் துணைவருக்கும் ஆட்-ஆன் கார்டு தருகின்றன. அந்தக் கார்டுக்கு லவுஞ்ச் சலுகை உண்டா, எண்ணிக்கை உங்களுடையதோடு சேருமா என்று கேட்டு, இந்தக் காலாண்டிலேயே ஒன்று வாங்கிக் கொடுங்கள். உங்கள் நுழைவுகளில் இரண்டை அவர்களுக்காக விட்டுவையுங்கள்.