பழம் விழுந்தது, வாளை கவ்வியது

வாலாஜாபாத்

அன்புள்ள தம்பிக்கு,

ஓவியத்தில் தாமரை இருந்தால் தூய்மை, கவிதையில் புறா வந்தால் சமாதானம் என்று மனப்பாடம் செய்துகொண்டால் போதுமா என்று கேட்டிருந்தாய். அப்படியானால் ஒரு அகராதி போதுமே, ஓவியமும் கவிதையும் எதற்கு என்ற உன் அடுத்த கேள்விதான் முக்கியமானது. அகராதி போதாது. ஒரு படைப்பின் மறைபொருளுக்கான சான்று பெரும்பாலும் அந்தப் படைப்பிலேயே இருக்கும். சில வேளை அது பிறந்த காலத்தில் இருக்கும். அதைத் தேடிப் பிடிக்கத்தான் பழக வேண்டும்.

மிக எளிய வகையிலிருந்து தொடங்கலாம். காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதர் கோயில் என்ற சமணக் கோயில் இருக்கிறது. அதன் மண்டபக் கூரையில் தீர்த்தங்கரர்களின் வரலாறுகளை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். தீர்த்தங்கரர் உருவங்கள் பார்வைக்குப் பெரும்பாலும் ஒன்றுபோல் இருக்கும். யார் எவர் என்று பிரித்தறியச் சமண மரபு ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத்தை வைத்திருக்கிறது. ரிஷபநாதருக்குக் காளை, நேமிநாதருக்குச் சங்கு, மகாவீரருக்குச் சிங்கம். இங்கே அகராதி உதவும். சின்னம் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

உருவகம் இதைவிட ஒரு படி மேலே போகிறது. வங்கம் பிரிக்கப்பட்ட 1905-இல் அவனீந்திரநாத் தாகூர் 'பாரத மாதா' ஓவியத்தைத் தீட்டினார். காவி உடுத்திய ஒரு பெண். நான்கு கைகள். ஒன்றில் ஏடு, ஒன்றில் நெற்கதிர், ஒன்றில் வெண்துணி, ஒன்றில் செபமாலை. கல்வி, உணவு, உடை, ஆன்ம நெறி என்று கைக்கு ஒரு பொருள். அந்நியத் துணியைப் புறக்கணிக்கும் சுதேசி இயக்கம் பரவிய ஆண்டு அது. அந்த வெண்துணி ஏன் அங்கே இருக்கிறது என்பதை ஆண்டைத் தெரிந்துகொண்டால்தான் முழுதாக உணர முடியும்.

கவிதையிலும் இப்படித்தான். பாரதியாரின் 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் 1912-இல் வெளிவந்தது. அவர் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த காலம். கதை பழைய பாரதக் கதைதான். ஆனால் சபையில் இழுத்து நிறுத்தப்பட்ட பாஞ்சாலியிடம் அடிமைப்பட்ட நாட்டையே வாசகர்கள் கண்டார்கள். வெறும் ஊகத்தால் அப்படிக் காணவில்லை. நாட்டைத் தருமன் பணயமாக வைக்கும் இடத்தில் கவிஞர் கதையை நிறுத்துகிறார். மக்களின் நாட்டைச் சொந்தச் சொத்துபோல் சூதில் வைக்கலாமா என்று தம் குரலிலேயே அவனைக் கடிந்துகொள்கிறார். கதைக்குள் ஒலிக்கும் அந்தக் கோபத்தின் குரல்தான் சான்று.

கவிஞர் குறுக்கிடாமல் முழுக்க மறைத்தே பேசுவதும் உண்டு. 'பிறிது மொழிதல் அணி' என்று பள்ளியில் படித்திருப்பாய். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது 475-ஆம் குறள். அரசன், பகை, போர் எதுவும் அதில் இல்லை. ஆனால் குறள் அமைந்திருப்பதோ 'வலியறிதல்' அதிகாரத்தில். எளியவர்கள்தானே என்று பலரை ஒருசேரப் பகைத்துக்கொள்ளும் அரசனும் முறிவான் என்பதை அந்த இடம்தான் காட்டிக்கொடுக்கிறது. இப்படி ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துவதற்கு இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவர் காவியாதர்சம் எழுதிய தண்டி. அவர் பல்லவர் காலத்துக் காஞ்சியில் வாழ்ந்தவர் என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்த நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததுதான் தண்டியலங்காரம்.

தண்டிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் அகப்பாட்டுகள் இந்தக் கலையை இன்னும் நுட்பமாகக் கையாண்டன. குறுந்தொகையின் 8-ஆம் பாட்டை எடுத்துக்கொள். பாடியவர் ஆலங்குடி வங்கனார். வயலோரத்து மாமரத்திலிருந்து கனிந்த பழம் தானாக உதிர்கிறது. நீரிலிருக்கும் வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஊருக்குரியவன் அவன் என்கிறாள் ஒரு பெண். பாலாற்றங்கரையிலும் உத்திரமேரூர் ஏரிப் பாசனத்திலும் வளர்ந்த கண்களுக்கு இது வெறும் மருதநிலக் காட்சியாகத் தெரியலாம்.

பேசுபவள் யார் என்று கேட்டதும் காட்சி திறந்துகொள்கிறது. அவள் தலைவன் நாடிப்போகும் பரத்தை. மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, அந்த மனைவியின் தோழியர் காதில் விழும்படி பேசுகிறாள். வாளை மரமேறிப் பழம் பறிக்கவில்லை; பழம் தானாக விழுந்தது. 'நான் அவனை மயக்கி இழுக்கவில்லை, அவனாகவே வந்தான்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. இதைத்தான் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது. தெய்வத்தை மட்டும் விலக்கி, அந்தந்த நிலத்தின் மற்றக் கருப்பொருள்களைக் கொண்டு அதை அமைக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. மீன் மீனாகவும் மரம் மரமாகவும் முதலில் நிற்க வேண்டும் என்பதில் நம் முன்னோர் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

ஆகவே எந்தப் படைப்பைக் கண்டாலும் நான்கு கேள்விகளைக் கேள். கண்ணுக்குத் தெரிவது என்ன? பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார்? அருகில் என்ன இருக்கிறது? எந்தக் காலத்தில் பிறந்தது?

இந்தக் கேள்விகளுக்குப் பிறகும் இரண்டு விடைகள் மிஞ்சலாம். மாமல்லபுரத்தில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய தபசுப் பாறையில், யானைகளின் காலடியில் ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறது. சுற்றிலும் எலிகள். பாறையின் மேல்பகுதியில் ஒரு முனிவர் அதேபோல் கைகளை உயர்த்தித் தவம் செய்கிறார். கங்கைக் கரையில் தவசி வேடமிட்டு, நம்பி வந்த எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில் உண்டு. அதனால் இது போலித் தவம் என்பார்கள் சிலர். தவத்தின் மகிமையால் பகை மறந்து பூனையும் எலியும் ஒன்றாயின என்பார்கள் வேறு சிலர். இரண்டுக்குமே கல்லில் இடம் இருக்கிறது.

மாமல்லபுரம் போகும்போது ஒரு தாளின் நடுவில் கோடு கிழித்துக்கொள். கண்ணால் கண்டதை இடப்பக்கம் எழுது. தோன்றிய பொருளை வலப்பக்கம் எழுது. வலப்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் இடப்பக்கத்துச் சான்றோடு கோடிட்டு இணை. சான்று கிடைக்காததை அடித்துவிடு. அந்தத் தாளை எனக்கு அனுப்பி வை. பூனை விஷயத்தில் நீ எந்தக் கட்சி என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்