செல்லும் காசும் செல்லாக் காசும்

புதூர்நாட்டிலே, ஜவ்வாது மலைக்கு வரும் பிரயாணிகளுக்கு வழிகாட்டிப் பிழைக்கும் மலைவாசி ஒருவர், சாமை மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துவந்து என் உள்ளங்கையில் கவிழ்த்தார். வெளிவளையம் வெள்ளியாகவும் நடுவட்டம் பொன்னாகவும், நம் பத்து ரூபாய் நாணயத்தின் நிறங்களை இடம் மாற்றி வைத்தாற்போன்ற இரண்டு யூரோக் காசு ஒன்று விழுந்தது. காவலூர்த் தொலைநோக்கியைப் பார்க்க வந்த ஐரோப்பியர் ஒருவர் மனமுவந்து அளித்த இனாமாம்.

"நம்ம பத்து ரூபாய்க் காசையே கடையில வாங்க மாட்டேங்கறாங்க, இதை எங்கே ஐயா மாத்தறது?" என்றார்.

அயல்நாடு சென்று வழிகாட்டிகளுக்கு டிப்ஸ் கொடுக்கும் நம்மவர்களும் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி அது.

நம்பிக்கை: டாலர் எங்கும் செல்லும், அதுவே உத்தமமான இனாம்.

உண்மை: டாலர் செல்வது மாற்றுக்கடையில், கடலை மிட்டாய்க் கடையில் அன்று. இம்மலையில் வாழ்பவர் ஓர் அந்நிய நோட்டை மாற்றவேண்டுமானால், பஸ் பிடித்துத் திருப்பத்தூருக்கு இறங்கி, அயல்நாட்டு நோயாளிகள் வந்துபோவதனால் மாற்றுக்கடைகள் மிகுந்த வேலூர் வரையில், எண்பது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டியிருக்கும். பஸ் கட்டணமும், இழந்த நாட்கூலியும், கடைக்காரர் கழித்துக்கொள்வதும் போக மிஞ்சுவது, நாம் கொடுத்ததாக எண்ணிப் பெருமைப்பட்ட தொகையன்று. ஆகவே அந்தந்த நாட்டுப் பணத்தையே கொடுப்பது பொதுவிதி. ரியலோடு டாலரும் சகஜமாகப் புழங்கும் கம்போடியா போன்ற தேசங்கள் விதிவிலக்கு.

நம்பிக்கை: அண்டை நாடுகளில் நம் ரூபாயே போதும்.

உண்மை: பூடானுக்கு இது பொருந்தும், 1974-இல் வெளிவந்த அந்நாட்டு நுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சமமதிப்புடையது, நம் நோட்டுகளும் அங்கே புழங்குகின்றன. இலங்கையிலோ பெயர்தான் ஒன்று, பணம் வேறு. நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும் என்பது வாஸ்தவமேயாயினும், அதை மாற்றிக் கொடுக்கும் சிரமம் நம்முடையதாக இருக்கவேண்டுமேயன்றி, கண்டியிலே நமக்காக வெயிலில் நடந்தவருடையதாக இருத்தல் நியாயமாகாது.

நம்பிக்கை: பையில் மிஞ்சிய சில்லறையைக் கொடுத்துவிடலாம்.

உண்மை: மாற்றுக்கடைக்காரர்கள் பொதுவாக நோட்டுகளையே வாங்குவர்; அந்நிய நாணயங்களைத் தொடமாட்டார்கள். இந்தியாவில் வசிப்பவர் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய அந்நிய நோட்டுகளுக்கு 2,000 டாலர் மதிப்பு என்று வரம்பு விதித்திருக்கும் நம் சட்டம், நாணயங்களுக்கு வரம்பே விதிக்கவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்; வாங்கத்தான் ஆளில்லை.

நம்பிக்கை: நோட்டு கிழிந்தாலென்ன, மதிப்புக் குறையுமா?

உண்மை: 1861 முதல் வெளியான தன் நோட்டுகள் யாவும் செல்லும் என்கிறது அமெரிக்க அரசாங்கம். ஆயினும் மடிப்பும் மைக்கறையும் கிழிசலும் கண்ட நோட்டைப் பல நாடுகளில் கடைக்காரர் திருப்பித் தள்ளிவிடுகிறார். டாலர்தான் கொடுக்கவேண்டுமென்றால், புது நோட்டாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும்.

நம்பிக்கை: எந்த நாட்டிலும் இனாம் கொடுப்பதே மரியாதை.

உண்மை: ஜப்பானில் அவ்வழக்கம் இல்லை, நீட்டிய பணம் வாங்குபவரைச் சங்கடத்தில் ஆழ்த்தக்கூடும். அங்கே தலைதாழ்த்திச் சொல்லும் நன்றியே போதுமானது.

மலைவாசியின் காசுக்கு ஈடாக இருநூறு ரூபாயைக் கொடுத்து, அதை நான் வாங்கிக்கொண்டேன். வேலூரில் கடைக்காரர் ஒருவர் அதை ஒரு விரலால் என் பக்கமே நகர்த்திவிட்டார். இப்பொழுது அது என் மேஜை டிராயரில், செல்லாத சாவிகளுக்கும் தீர்ந்துபோன பேனாக்களுக்கும் நடுவே கிடக்கிறது. எங்கேனும் புறப்படுமுன் டிராயரைத் திறக்கும்பொழுதெல்லாம், போகும் ஊரின் சிறிய நோட்டுகளாக எண்ணி வாங்கிவைக்க நினைவூட்டுகிறது.