பழைய கம்ப்ரசர் வாங்கும் முன்...

கோடையில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் இறங்கியதும் ஊருக்கு ஊர் பழைய கம்ப்ரசர்கள் கைமாறத் தொடங்கும். ஒருவர் போர் வற்றிவிட்டது என்று விற்பார். மற்றொருவர் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறிவிட்டதால் விற்பார். விலை மலிவாகத் தெரிகிறதே என்று நாமும் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். கொண்டுவந்து மாட்டிய பிறகு குழாயில் காற்றுத்தான் வருகிறது. சிறு விவசாயிக்கு இது ஒரு போகத்து வருமானம் போனது போலாகும். ஆகவே விலை பேசுவதற்கு முன்பு, முதலில் உங்கள் கிணற்றையும் அடுத்து இயந்திரத்தையும் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

கிணற்றுக்கு ஏற்றதா?

கம்ப்ரசர் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. காற்றுக் குழாய் வழியாக அடியில் செலுத்தப்படும் காற்று தண்ணீரோடு கலந்து, அதன் கனத்தைக் குறைக்கிறது. சுற்றியுள்ள கனமான தண்ணீர் இந்தக் கலவையை மேலே தள்ளுகிறது. எனவே காற்றுக் குழாயின் நுனிக்கு மேல் போதுமான தண்ணீர் நிற்க வேண்டும். நுனி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அதில் நூற்றுக்கு நாற்பது பாகமாவது, இறைக்கும்போதும் தண்ணீரில் மூழ்கியிருப்பது நல்லது.

உதாரணமாக, நுனி 280 அடியில் இருக்கிறது என்று கொள்வோம். இறைக்கும்போது நீர்மட்டம் 140 அடியில் நின்றால் சரிபாதி மூழ்கியிருக்கும். தண்ணீர் நன்றாக வரும். கோடையில் மட்டம் 220 அடிக்கு இறங்கிவிட்டால் மூழ்கியிருப்பது 60 அடிதான். அப்போது காற்று தண்ணீரை விட்டுவிட்டுத் தனியே ஏறும். தண்ணீர் விட்டு விட்டுத் துப்பும். எத்தனை குதிரைத்திறன் கம்ப்ரசர் வைத்தாலும் இக்குறை தீராது. போரில் இன்னும் ஆழம் இருந்தால் குழாயை இறக்கலாம். இல்லையென்றால் கம்ப்ரசர் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

அழுத்தத்தையும் கணக்கிட வேண்டும். சுமார் 33 அடி உயரத் தண்ணீருக்கு ஒரு கிலோ அழுத்தம். ஓடாத நேரத்தில் மட்டம் 100 அடியில் இருந்தால், 280 அடி நுனிக்கு மேல் 180 அடி தண்ணீர் நிற்கும். அதைத் தள்ளித் தொடங்க ஏறக்குறைய ஐந்தரை கிலோ தேவை. அந்த அழுத்தத்தை எட்டாத இயந்திரம் உங்களுக்கு உதவாது.

அதே அளவு தண்ணீருக்கு நீர்மூழ்கி மோட்டாரைவிடக் கம்ப்ரசருக்கு மின்சாரம் அதிகம் செலவாகும். ஆனால் போருக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே மணல் வரும் போர், கோணலான போர், ஊற்றுக் குறைந்த போர் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. மோட்டாரின் குதிரைத்திறன் உங்கள் மின் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கவும்.

இயந்திரச் சோதனை

விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த இயந்திரத்தைப் பார்க்க வேண்டாம். ஆறிய நிலையில், தொட்டியில் காற்றே இல்லாதபோது உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லுங்கள்.

1. எண்ணெய்: பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. உலோகத் தூள் மின்னினால் பேரிங், பிஸ்டன் போன்றவை தேய்ந்துள்ளன.

2. நேரம்: வெளிவழிகளை மூடிவிட்டு, கேஜ் முள் பூஜ்யத்திலிருந்து 6 கிலோவுக்கு ஏற எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். தொட்டியின் லிட்டரை 6 ஆல் பெருக்கி, நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்குக் கிடைக்கும் காற்று தெரியும். 200 லிட்டர் தொட்டி 3 நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 400 லிட்டர். தகட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் அளவு. அதில் மூன்றில் இரண்டு பங்காவது கிடைத்தால் சரி. பாதிகூட இல்லையென்றால் ரிங்கும் வால்வும் போய்விட்டன என்று அறியலாம்.

3. கசிவு: நிறைந்ததும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கேஜைக் கவனியுங்கள். முள் இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

4. எண்ணெய் தெறிப்பு: காற்று வெளிவரும் வாயில் வெள்ளைத் துணியைக் காட்டுங்கள். எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் ரிங் தேய்ந்துள்ளது. அந்த எண்ணெய் கிணற்றுத் தண்ணீரிலும் கலக்கும். அதே தண்ணீரைக் குடும்பத்தாரும் மாடுகளும் குடிப்பதாக இருந்தால் இக்குறையைச் சிறியதாக எண்ணக் கூடாது.

தொட்டியே முக்கியம்

மேற்சொன்ன பழுதுகளைப் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம். தொட்டி அப்படியல்ல. காற்றிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் தேங்கி உட்புறத்தை அரிக்கிறது. மேலே புதுப் பெயிண்ட் பளபளத்தாலும் உள்ளே தகடு மெலிந்திருக்கலாம். அழுத்தத்தில் அது வெடித்தால் இரும்புத் துண்டுகள் குண்டு போலப் பாயும். அருகிலிருப்பவர் உயிருக்கே ஆபத்து.

அடியிலுள்ள வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். துரு நிறைந்த தண்ணீர் கொட்டினால் எச்சரிக்கை. அடிப்பாகத்தில் ஒட்டு வைத்துப் பற்றவைத்த தழும்பு, குழி, கசிவு இருந்தால் விலை எதுவானாலும் வாங்க வேண்டாம். சந்தேகமிருந்தால், தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் பட்டறையில் சோதிக்கச் சொல்லலாம். காற்றைப் போலத் தண்ணீர் அழுந்துவதில்லை. ஆகவே தொட்டி கிழிந்தாலும் பெரும்பாலும் பீய்ச்சுவதோடு நின்றுவிடும். இச்சோதனையைக் காற்றால் ஒருபோதும் செய்யக் கூடாது.

சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்தால் காற்றுச் சீறி வர வேண்டும். அதை அடைத்தோ கட்டியோ வைத்திருந்தால் உடனே புதியது மாற்ற வேண்டும். பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடியும் அவசியம். வேட்டி நுனியும் சேலைத் தலைப்பும் சிக்குவது அங்கேதான்.

விலைக் கணக்கு

தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று, மாற்ற வேண்டிய ரிங், வால்வு, பேரிங், பெல்ட் ஆகியவற்றின் விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உதிரி பாகங்கள் பக்கத்து நகரத்தில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். கேட்கும் விலை, பழுதுச் செலவு, வண்டி வாடகை மூன்றையும் கூட்டினால் புதியதன் விலையில் பாதியைத் தாண்டுகிறதா? அப்படியானால் விட்டுவிடுவதே நல்லது.

வாங்கிய பின் நாள்தோறும் வேலை முடிந்ததும் தொட்டித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தொட்டியின் ஆயுளைக் காப்பது இந்தப் பழக்கமே.