துணி விலங்குப் பொம்மைகளும் வீட்டுக் கைப்பணிகளும்



கீரிமலை என்ற ஊர்ப்பெயருக்குள்ளேயே ஒரு விலங்கு இருக்கிறது. கீரி முகம் கொண்டிருந்த நகுல முனிவர் இங்குள்ள தீர்த்தத்தில் நீராடி, அம்முகம் நீங்கப் பெற்றார் என்பது ஐதிகம். நகுலம் என்றால் கீரி. அதனால் கோயில் நகுலேஸ்வரமாகவும் ஊர் கீரிமலையாகவும் பெயர் பெற்றன. பக்கத்து ஊரான மாவிட்டபுரத்திலும் ஒரு விலங்கு உண்டு. குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் அம்முகம் நீங்கிய இடம் அது என்பர். 'மா' என்பது குதிரையைக் குறிக்கும். ஆகவே துணியில் ஒரு விலங்கு செய்து பழக எங்களுக்கு வெளிநாட்டுக் கரடி தேவையில்லை. இப்பாடத்தில் கீரி ஒன்றைச் செய்வோம்.

கைப்பணிப் பகுதியை "வாசிக்காமலே எழுதலாம்" என்று பல மாணவர்கள் விட்டுவிடுகின்றனர். பின்னர் "துணியை வெட்டித் தைத்துப் பஞ்சு அடைய வேண்டும்" என்று ஒரே வரியில் விடை எழுதுகின்றனர். படிமுறை கேட்கும் வினாவில் ஒவ்வொரு படியையும் அதற்குரிய காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும். காரணம் தெரிந்தால் படிமுறையை மனனம் செய்யத் தேவையில்லை.

துணிப் பொம்மையின் கதை

மண்ணில் செய்த விளையாட்டு விலங்குகள் சிந்துவெளி நகரங்களின் அகழ்வுகளில் கிடைத்துள்ளன. சிலவற்றுக்குச் சில்லுகளும் உண்டு. துணிப் பொம்மைகள் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. துணி உக்கிவிடும் என்பதே காரணம். எகிப்தின் வறண்ட மண் காப்பாற்றிய உரோமர் காலத் துணிப் பொம்மை ஒன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. அதன் உள்ளே அடைந்திருப்பவை கந்தல் துணியும் பப்பிரசுத் துண்டுகளுமாகும். மிஞ்சிய துணியிலிருந்து பொம்மை செய்வது எவ்வளவு பழைய பழக்கம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இன்று கடைகளில் காணும் துணி விலங்குகளின் கதை ஜேர்மனியின் கீங்கன் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. 1847 இல் பிறந்த மார்கரெட் ஸ்டைப் ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டார். கால்கள் இயங்கவில்லை, வலக்கையை அசைப்பதும் வேதனையாக இருந்தது. அப்படியிருந்தும் தையல் கற்றார். இயந்திரத்தைத் திருப்பி வைத்து, இடக்கையால் சில்லைச் சுழற்றித் தைத்தார் என்று சொல்வர். சஞ்சிகை ஒன்றில் வந்த மாதிரியைப் பார்த்து 1880 இல் அவர் கம்பளித் துணியில் செய்த சிறு யானைகள் உண்மையில் குண்டூசி குத்தி வைக்கும் மெத்தைகளே. அவற்றைப் பிள்ளைகள் எடுத்து விளையாடத் தொடங்கவே, யானை விளையாட்டுப் பொருளாயிற்று. 1902 இல் அவருடைய மருமகன் ரிச்சர்ட் கைகால் அசையும் கரடியை வடிவமைத்தார். அதே ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கட்டிவைக்கப்பட்டிருந்த கரடியைச் சுட மறுத்த செய்தி கேலிச்சித்திரமாக வெளிவந்தது. "ரெடி" என்ற அவருடைய செல்லப்பெயர் கரடிப் பொம்மைக்கு ஒட்டிக்கொண்டது.

இலங்கையிலும் நல்ல உதாரணங்கள் உள்ளன. ஓவியர் பார்பரா சன்சோனி 1960களில் கிராமப் பெண்களின் கைத்தறி நெசவைக் கொண்டு கொழும்பில் தொடங்கிய பெயார்புட் நிறுவனம், தறித்துணியில் செய்த விலங்குப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. 1991 இல் குருநாகல் மாவட்டத்தில் தொடங்கிய செலின் நிறுவனமும் கைத்தறித் துணியில் பொம்மைகள் செய்விக்கிறது. இவற்றை உதாரணமாக எழுதும்போது பெயரோடு நிறுத்தாமல், "கைத்தறியில் மிஞ்சும் சிறு துண்டும் வருமானமாகிறது" என்ற கருத்தையும் எழுதுங்கள்.

பொருட்களைத் தெரிவுசெய்தல்

துணி: நெருக்கமாக நெய்யப்பட்ட பருத்தித் துணியே தொடக்கத்துக்கு ஏற்றது. ஐதான துணியில் தையல் விலகிப் பஞ்சு வெளியே வரும். பழைய சாரம், பெட்சீட், தையற்கடையில் மிஞ்சும் துண்டுத்துணி எல்லாம் பாவிக்கலாம். ஆனால் பழைய துணியைக் கைகளால் இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போதே கிழிந்தால் அது தூசி தட்டத்தான் உதவும். புதிய பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் பொம்மையை முதன்முறை கழுவும்போது துணி சுருங்கிக் கோணலாகிவிடும்.

அடையும் பொருள்: எங்கள் வீடுகளில் தலையணைக்கு அடைக்கும் இலவம் பஞ்சு இலகுவானது, மெத்தென்றிருக்கும். இலவு காத்த கிளிக்குப் பயன்படாவிட்டாலும் எங்களுக்குப் பயன்படும். இலவ நார் குட்டையானது, வழுவழுப்பானது. அதனால் அதைப் பருத்தியைப்போல நூலாகத் திரிப்பது கடினம். அதன் மேற்பரப்பில் மெழுகுத்தன்மை உண்டு, உள்ளே குழாய்போல வெறுமையாக இருக்கும். ஆகவே நீரில் மிதக்கும். முற்காலத்தில் உயிர்காப்பு அங்கிகளில் இதை அடைத்ததும் இதனாலேயே. அதன் குறைகளையும் எழுதுங்கள்: கழுவினால் கட்டிபடும், இலகுவில் தீப்பற்றும், அடையும்போது நுண்ணிய நார் மூக்கினுள் செல்லும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்வது நல்லது. அடிக்கடி கழுவ வேண்டிய குழந்தைப் பொம்மைக்குப் பொலியெஸ்டர் பஞ்சு பொருத்தமானது. துணித் துண்டுகளை நறுக்கியும் அடையலாம். செலவில்லை, ஆனால் பொம்மை பாரமாகவும் மேடுபள்ளமாகவும் இருக்கும்.

கீரி செய்யும் முறை

முதலில் கட்டம் போட்ட கடதாசியில் கீரியின் பக்கத் தோற்றத்தை வரைந்துகொள்ளுங்கள். வால் தவிர்ந்த நீளம் 30 சென்ரிமீற்றர், உயரம் 10 சென்ரிமீற்றர் போதும். நீண்ட உடல், கூரிய மூக்கு, குட்டைக் கால், உடலளவு நீண்ட வால் ஆகிய நான்கும் இருந்தால் பார்ப்பவருக்குக் கீரி எனத் தெரியும். கால்களை மிக ஒடுக்கமாக வரைய வேண்டாம். விரல் நுழையாத காலைப் புரட்டி எடுக்க முடியாது.

இரண்டாவது மாதிரி வயிற்றுத் துண்டு. பக்கத் தோற்றத்தின் கீழ்ப்பாதியை, அதாவது கால்களையும் வயிற்றையும் மட்டும், மடித்த கடதாசியில் பிரதிசெய்து வெட்டுங்கள். மடிப்பு வயிற்றின் நடுக்கோட்டில் வர வேண்டும். விரித்தால் நான்கு கால்களும் இரு முனைகளில் ஒடுங்கும் வயிறும் கொண்ட ஒரே துண்டு கிடைக்கும். பொம்மையை நிற்க வைப்பது இந்தத் துண்டுதான். இது இல்லாமல் இரண்டு பக்கத் துண்டுகளை மட்டும் தைத்தால் பணியாரம்போலத் தட்டையான கீரிதான் வரும்.

துணியில் மாதிரியை வைத்துப் பென்சிலால் கோடிடுங்கள். கோட்டுக்கு வெளியே 6 மில்லிமீற்றர் தையலுக்கு விட்டு வெட்டுங்கள். மாணவர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுவே: பக்கத் துண்டுகள் இரண்டில் ஒன்றை வெட்டும்போது மாதிரியை மறுபக்கம் புரட்டி வைக்க வேண்டும். புரட்டாமல் வெட்டினால் இரண்டும் ஒரே பக்கத்தைப் பார்க்கும். அச்சுத் துணியில் ஒன்றின் நல்ல பக்கம் உள்ளே போய்விடும். மயிர் உள்ள துணியானால் மயிர் தலையிலிருந்து வாலை நோக்கிப் படியுமாறு வைக்க வேண்டும். துணியை இரண்டாக மடித்து ஒரே முறையில் வெட்டினால் இந்தச் சிக்கல் வராது.

வாலுக்கு இரண்டு நீள் துண்டுகளைத் தைத்துப் புரட்டிச் சிறிது பஞ்சு அடைந்து தனியே வையுங்கள். இனி உடல். துணிகளின் நல்ல பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்துக் குண்டூசி குத்தி, நூலோடித் தற்காலிகமாக இணைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுத் துண்டை முதலில் ஒரு பக்கத் துண்டுடனும் பின்னர் மற்றையதுடனும் கால்களைச் சுற்றித் தையுங்கள். ஒரு பக்க வயிற்றோரத்தில் 5 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். புரட்டுவதற்கும் பஞ்சு அடைவதற்கும் அதுவே வழி. அதன்பின் மூக்கிலிருந்து முதுகு வழியாக வால் வரை தையுங்கள். வால் பின்புறத்தில் உள்நோக்கி, இரு துண்டுகளுக்கும் இடையே அகப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் புரட்டும்போது அது வெளியே வரும்.

கையால் தைப்பவர்கள் பின் தையலைப் பாவிக்க வேண்டும். நூலோடிய தையலில் நூல் ஒரு தடம் மேலும் ஒரு தடம் கீழுமாகப் போவதால், பஞ்சு அழுத்தும்போது இடைவெளி திறக்கும். பின் தையலில் ஒவ்வொரு முறையும் ஊசி பின்னோக்கி வந்து இடைவெளியை மூடிவிடுகிறது. பெல்ட் துணி போன்ற நூல் பிரியாத துணியானால் புரட்டத் தேவையில்லை. வெளிப்புறமாகவே கம்பளித் தையல் போடலாம், பார்வைக்கும் அழகு.

புரட்டுமுன் வளைவுகளைக் கவனியுங்கள். கழுத்து, கால் இடுக்கு போன்ற உட்குழிந்த வளைவுகளில் தையல் வரை நேராகச் சிறு வெட்டுகள் இட வேண்டும். தையலை வெட்டக்கூடாது. அங்கே ஓரத்துணி புரட்டிய பின் விரிய வேண்டியிருக்கிறது. வெட்டு இல்லாவிட்டால் அது இழுத்துப் பிடித்துச் சுருக்கு விழும். முதுகு, பாதம் போன்ற வெளிவளைவுகளில் ஓரத்துணி மிகையாகி உள்ளே குவியும். அங்கே சிறு முக்கோணங்களை வெட்டி நீக்க வேண்டும். இந்த வேறுபாட்டை வரைபடத்துடன் எழுதுவது சிறந்த விடையாகும்.

பஞ்சைச் சிறிது சிறிதாகப் பிய்த்து, முதலில் மூக்கு, பிறகு கால்கள், கடைசியாக உடல் என்ற ஒழுங்கில் அடையுங்கள். பெரிய உருண்டையாகத் திணித்தால் கட்டி கட்டியாகத் தெரியும். கால்கள் இறுக்கமாக இல்லாவிட்டால் கீரி படுத்துவிடும். முடிவில் திறப்பின் இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, ஊசியை மாறி மாறி மடிப்பினுள் செலுத்தி இழுத்து மூடுங்கள். நூல் வெளியே தெரியாது. காதுகளை அரைவட்டமாக வெட்டித் தலையில் இறுக்கமாகத் தையுங்கள்.

கண் வைப்பதில் கவனம்

தெறி (பொத்தான்) அல்லது மணி தைத்த கண் பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை எதையும் வாயில் வைக்கும். கழன்ற தெறி தொண்டையில் அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். மேலைநாடுகளில் இவ்வயதினருக்கான விளையாட்டுப் பொருட்களைச் சோதிக்க, 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு உருளை ஒன்றைப் பாவிக்கின்றனர். பொம்மையிலிருந்து கழன்ற துண்டு அதனுள் முழுதாக அடங்கினால் அப்பொம்மை தேறாது. சட்டைத் தெறி எல்லாம் அதனுள் அடங்கும். ஆகவே சிறு பிள்ளைகளுக்கான பொம்மையில் கண்ணையும் மூக்கையும் நூலால் நெருக்கமாக நிரப்பித் தையுங்கள். கழுத்தில் நீண்ட ரிபன் கட்ட வேண்டாம். உள்ளே குண்டூசி அகப்பட்டுவிட்டதா என்பதை அறிய, குத்திய ஊசிகளை எண்ணி, எடுக்கும்போதும் எண்ணுங்கள்.

ஓலைக் கைப்பணியுடன் ஒப்பிடுதல்

கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, பாய் என்பவை பற்றி ஏற்கெனவே படித்திருப்பீர்கள். இங்கு ஒப்பீட்டுக்குத் தேவையானதை மட்டும் பார்ப்போம். இளம் பனையோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, வேண்டுமானால் சாயத்தில் அவித்துப் பின்னுவர். ஓலை சற்று ஈரப்பதத்துடன் இருந்தால்தான் முறியாமல் வளையும். மூலப்பொருள் வளவிலேயே கிடைப்பது ஓலைப்பணியின் பலம். 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை இத்தொழிலுக்குப் பயிற்சியும் சந்தையும் வழங்கி வந்துள்ளது. துணிப் பொம்மைக்கு அப்படித் தனியான சபை இல்லை, செய்பவரே சந்தையைத் தேட வேண்டும். இரண்டையும் இணைக்கலாம்: சாயமிட்ட சிறு ஓலைப்பெட்டிக்குள் வைத்த துணிக் கீரி, பொலித்தீன் பையில் போட்ட கீரியைவிட நல்ல பரிசுப்பொருள்.

விலை கணித்தல்

1990 இல் இடம்பெயர்ந்த கீரிமலை மக்கள் பல ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்து, 2009 இல் போர் முடிந்த பின்னரே படிப்படியாகத் திரும்பினர். வடக்கின் பல கிராமங்களில், குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்கு வாழ்வாதார உதவியாகத் தையல் இயந்திரங்கள் வழங்கப்பட்டன. இயந்திரம் கிடைத்தும் சிலருடைய கையில் காசு நிற்பதில்லை. அதற்கு ஒரு காரணம் விலை கணிக்கும் முறை. கீழ்வரும் எடுகோளைப் பாருங்கள்.

ஒரு கீரிக்குத் துணி 120 ரூபா, பஞ்சு 90 ரூபா, நூல் 20 ரூபா, போக்குவரத்தும் பொதியிடலும் 50 ரூபா எனக் கொள்வோம். மொத்தம் 280 ரூபா. அதை 500 ரூபாவுக்கு விற்றால் "220 ரூபா இலாபம்" என்று பலர் எழுதுவர். அது பிழை. செய்வதற்கு 3 மணித்தியாலம் சென்றிருந்தால், அந்த 220 ரூபா உழைப்புக்குக் கிடைத்த கூலி மட்டுமே. மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 73 ரூபா! மணித்தியாலத்துக்கு 200 ரூபா நியாயமான கூலி எனக் கொண்டால் உற்பத்திச் செலவு 280 + 600 = 880 ரூபா. அதற்கு மேல் வருவதே இலாபம்.

880 ரூபாவுக்கு வாங்குவார் இல்லையென்றால் நேரத்தைக் குறைக்க வேண்டும். பத்துக் கீரிகளை ஒன்றாக வெட்டி, ஒன்றாகத் தைத்து, ஒன்றாக அடைந்தால் ஒரு கீரிக்கு 2 மணித்தியாலம் போதுமென வையுங்கள். அப்போது செலவு 280 + 400 = 680 ரூபாவாகும். கூலியைக் குறைக்காமலே விலையைக் குறைக்க முடிகிறது. உங்கள் அம்மாவோ அக்காவோ வீட்டில் தைப்பவராயின், இந்தக் கணக்கை அவருடைய கொப்பியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அவருடைய மணித்தியாலத்துக்கு எத்தனை ரூபா என்று தெரியவரும்.

பயிற்சி வினாக்கள்

1. நூலோடிய தையலிலும் பின் தையல் பொம்மைக்கு ஏற்றது ஏன்?
2. இலவம் பஞ்சின் இரு நன்மைகளையும் இரு குறைகளையும் எழுதுக.
3. உட்குழிந்த வளைவு, வெளிவளைவு ஆகியவற்றில் ஓரத்துணியை வெட்டும் முறைகளை வரைபடத்துடன் விளக்குக.
4. வயிற்றுத் துண்டு இல்லாமல் செய்த விலங்குப் பொம்மை நிற்பதில்லை. காரணம் தருக.
5. இரண்டு வயதுப் பிள்ளைக்குக் குதிரைப் பொம்மை ஒன்று செய்ய வேண்டியுள்ளது. நீர் தெரிவுசெய்யும் துணி, அடையும் பொருள், கண் அமைக்கும் முறை ஆகியவற்றைக் காரணத்துடன் குறிப்பிடுக.
6. ஒரு பொம்மைக்குப் பொருட்செலவு 310 ரூபா, உழைப்பு இரண்டரை மணித்தியாலம், கூலி மணித்தியாலத்துக்கு 200 ரூபா. 900 ரூபாவுக்கு விற்றால் இலாபம் எவ்வளவு? (விடை: 90 ரூபா. 590 ரூபா என எழுதியவர்கள் விலை கணித்தல் பகுதியை மீண்டும் வாசிக்கவும்.)